வெள்ளி அடைப்பா, பல் நிற அடைப்பா: இரண்டு ஆய்வுகள் முரண்படுவது ஏன்?

வாசகர் கேள்வி: என் வயது 49. தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவள். இப்போது சேலத்தில் பள்ளி ஆசிரியை. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. கீழ் வலது கடைவாய்ப்பல்லில் 1998இல் வைத்த வெள்ளி அடைப்பு இன்றுவரை வலி தரவில்லை. ஓரம் மட்டும் கறுத்துச் சற்றுத் தேய்ந்திருக்கிறது. மேல் இடது கடைவாய்ப்பல்லில் 2019இல் வைத்த பல் நிற அடைப்போ நான்கே ஆண்டில் அடியில் சொத்தை விழுந்து பெயர்ந்துவிட்டது. அதன் பிறகு தற்காலிகச் சிமெண்ட்டுடன் காலம் தள்ளுகிறேன். புதிதாகப் பார்க்கும் மருத்துவர், வெள்ளி அடைப்பிலிருந்து பாதரசம் கசியும் என்றும், அதையும் எடுத்துவிட்டு இரண்டு பற்களிலும் 'நானோ' அடைப்பு வைக்கலாம் என்றும் சொல்கிறார். அவர் காட்டிய பிரசுரத்தில் அதன் வலிமை 350 மெகாபாஸ்கல் என்று அச்சிட்டிருந்தது. என் மகன் இரண்டு ஆய்வுகளைத் தேடி எடுத்தான். போர்ச்சுகலில் நடந்த ஆய்வு வெள்ளி அடைப்பு நீடிக்கும் என்கிறது. நெதர்லாந்தில் நடந்த ஆய்வு பல் நிற அடைப்பு நீடிக்கும் என்கிறது. எதை நம்புவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பற்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே தீர்வு சொல்லப்பட்டிருப்பதுதான் எனக்கு நெருடுகிறது. 1998ஆம் ஆண்டின் வெள்ளி அடைப்பைப் பாதரசம் என்ற ஒரே காரணத்துக்காக எடுக்க வேண்டியதில்லை. மேல் பல்லுக்கு உடனடியாகக் கவனம் தேவை. ஆனால் அங்கே எந்தப் பொருளை வைப்பது என்பது முதல் கேள்வி அல்ல. சென்ற அடைப்பு ஏன் நான்கு ஆண்டில் போனது என்பதே முதல் கேள்வி. உங்கள் மகன் எடுத்த இரண்டு ஆய்வுகளும் மெய்யானவை, நன்கு அறியப்பட்டவை. அவை முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. அவற்றைச் சற்று நிதானமாகப் படித்தால் உங்கள் மேல் பல்லுக்கான விடையின் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

போர்ச்சுகல் ஆய்வு, லிஸ்பன் நகரின் காசா பியா பள்ளிகளில் பயின்ற 8 முதல் 12 வயதுவரையிலான குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. வெள்ளி அடைப்பிலுள்ள பாதரசம் குழந்தைகளின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கிறதா என்று அறிவதே அதன் முதன்மை நோக்கம். அடைப்புகள் எவ்வளவு காலம் நீடித்தன என்ற கணக்கு அதன் துணை விளைவாக 2007இல் வெளியானது. யாருக்கு வெள்ளி அடைப்பு, யாருக்குப் பல் நிற காம்போசிட் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். மருத்துவரின் விருப்பமோ பெற்றோரின் விருப்பமோ அதில் நுழைய முடியாது. பின் பற்களில் வைத்த 1,748 அடைப்புகளைப் பின்தொடர்ந்தபோது, ஏழு ஆண்டுகளில் வெள்ளி அடைப்புகளில் 94.4 சதவீதமும் காம்போசிட் அடைப்புகளில் 85.5 சதவீதமும் நிலைத்திருந்தன. இரண்டு பொருள்களிலும் தோல்விக்கு முதற்காரணம் அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை விழுந்ததுதான். அந்த ஆபத்து காம்போசிட்டில் மூன்றரை மடங்காக இருந்தது. இங்கே ஒரு செய்தியை மறந்துவிடக் கூடாது. அந்த ஆய்வில் சேர்வதற்கான தகுதியே நிரந்தரப் பல்லில் குறைந்தது ஒரு சொத்தையாவது இருக்க வேண்டும் என்பதுதான். பத்து வயதிலேயே நிரந்தரப் பல்லில் சொத்தை கண்ட குழந்தைகள் அவர்கள்.

நெதர்லாந்து ஆய்வு, ஒரு பல் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டு 2010இல் வெளியானது. கடைவாய்ப்பற்களில் மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட பக்கங்களை உள்ளடக்கிய 1,949 பெரிய அடைப்புகளின் 12 ஆண்டு வரலாறு அதில் உள்ளது. மொத்தமாகப் பார்த்தால் காம்போசிட் அதிக காலம் நின்றது. சொத்தை விழும் வாய்ப்புக் குறைவான நோயாளிகளிடமும் அப்படியே. ஆனால் சொத்தை வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு வைத்த மூன்று பக்க அடைப்புகளில் வெள்ளி அடைப்பே மேலாக நின்றது. உங்கள் மகனின் கண்ணில் முதல் பாதி பட்டு, இந்த இரண்டாம் பாதி படாமல் போயிருக்கக்கூடும். குலுக்கல் இல்லாத ஆய்வு என்பதால், எந்தப் பல்லுக்கு எதை வைப்பது என்று அந்த மருத்துவர்கள் தேர்ந்தெடுத்ததன் சாயல் முடிவில் படிந்திருக்கும். அந்தக் குறை அதற்கு உண்டு. ஆயினும் லிஸ்பன் குழந்தைகளையும் நெதர்லாந்தின் சொத்தை மிகுந்த நோயாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் ஒரே விடையைத்தான் சொல்கிறார்கள். வாய் எப்படிப்பட்டது என்பதைக் கேட்காமல் எந்தப் பொருள் உயர்ந்தது என்று கேட்டால், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசுவதுபோலத்தான் தோன்றும்.

இதற்கு வேதியியல் காரணமும் உண்டு. வெள்ளி அடைப்பு எனப்படும் அமால்கம், எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசமும் மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளும் சேர்ந்த கலவை. அது பல்லோடு ஒட்டுவதில்லை; வெட்டிய குழியின் வடிவத்தால்தான் பிடித்து நிற்கிறது. தொடக்கத்தில் பல்லுக்கும் அதற்கும் நடுவே நுண்ணிய இடைவெளி இருக்கும். நாளாக ஆக உலோகம் அரித்து, அந்த அரிப்பில் உண்டாகும் சேர்மங்கள் அதே இடைவெளியில் படிந்து அதை அடைத்துக்கொள்கின்றன. நீங்கள் குறிப்பிடும் கறுப்பு ஓரத்தில் ஒரு பகுதி இந்தப் படிவாகவே இருக்கலாம். தன் துருவாலேயே தன் கசிவை மூடிக்கொள்ளும் பொருளை வேறெங்கும் நான் அதிகம் பார்த்ததில்லை.

காம்போசிட்டின் போக்கு நேர்மாறானது. ரஃபேல் போவன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1962இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்னும் பிசினும், கண்ணாடி அல்லது பீங்கான் துகள்களும் சேர்ந்ததே இதன் அடிப்படை. இது பல்லோடு ஒட்டுவதற்கான வழியை மைக்கேல் புவோனோகோர் 1955இலேயே காட்டியிருந்தார்: பல்லின் கடினமான மேலுறையான எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தால் சிறிது அரித்தால் அதில் உண்டாகும் நுண்துளைகளுக்குள் பிசின் இறங்கி இறுகிக்கொள்ளும். எனாமலில் இந்தப் பிடிப்பு மிக நம்பகமானது. அடியிலுள்ள டென்டினில் நிலைமை வேறு. அது ஈரமானது, கொலாஜன் இழைகள் நிறைந்தது. அமிலம் அந்த இழைகளை வெளிக்கொணர்ந்து, பிசின் முழுவதுமாக அவற்றை உறையிடாமல் விட்டால், காலப்போக்கில் நீர் பிசினைச் சிதைக்கிறது. டென்டினிலேயே உறைந்திருக்கும் நொதிகள் இழைகளைத் தின்கின்றன. பொருத்திய நாளில் உறுதியாக இருந்த ஒட்டு, ஆண்டுகள் கழிந்து இளகுவதற்கு இதுவே காரணம் என்று கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இளகிய ஓரத்தைத் தன் துருவால் மூடிக்கொள்ளும் வித்தை காம்போசிட்டுக்குத் தெரியாது. இனிப்பு அடிக்கடி வந்துசேரும் வாயில் அந்த ஓரம்தான் கிருமிகளின் குடியிருப்பாகிறது.

இனி அந்த 350 மெகாபாஸ்கலைப் பார்ப்போம். அது அமுக்க வலிமை. சிறிய உருளை வடிவ மாதிரியை எந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு இடையே வைத்து நொறுங்கும்வரை அழுத்திப் பெறும் எண். பாடநூல்கள் தரும் கணக்குப்படி எனாமலுக்கு இது 380ஐ ஒட்டியும் டென்டினுக்கு 300ஐ ஒட்டியும் இருக்கிறது. ஆகவே அந்த எண் பொய்யல்ல, மோசமானதும் அல்ல. ஆனால் இன்று விற்கும் தரமான காம்போசிட்டுகளில் பல அந்த எல்லையைச் சுற்றியே இருக்கின்றன. உங்கள் 2019ஆம் ஆண்டு அடைப்பும் ஏறத்தாழ அதே வலிமையோடுதான் உள்ளே போயிருக்கும். அது நொறுங்கிப் போகவில்லையே! அடியில் சொத்தை விழுந்தல்லவா பெயர்ந்தது? நொறுங்காத ஒன்றின் நொறுங்கு வலிமையைக் கூட்டிக்கொண்டு போவதால் உங்களுக்கு என்ன பயன்?

ஆய்வகச் சோதனைகளை நான் இகழ்ந்து பேசவில்லை. பல் மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் அடைப்புப் பொருள்களைப் பற்றி வகுப்பு எடுத்தவன் நான். மோசமான பொருள் சந்தைக்கு வருவதைத் தடுப்பது அவைதான். ஐஎஸ்ஓ 4049 என்ற சர்வதேசத் தரக் குறியீடு, மெல்லும் பரப்பில் வைக்கும் பிசின் பொருள்களின் வளைவு வலிமை குறைந்தது 80 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டாத பொருளை நான் தொடமாட்டேன். ஆனால் தேறியவர்களுக்குள் யார் நீண்ட நாள் வாழ்வார் என்று அந்தத் தேர்வு சொல்லாது. மாதிரியை 37 டிகிரி நீரில் ஒரு நாள் ஊறவைத்துச் சோதிப்பதுதான் பெரும்பாலான பிரசுர எண்களுக்குப் பின்னால் உள்ள முறை. 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையே மாற்றி மாற்றி முக்கியெடுத்து முதுமையடையச் செய்யும் சோதனையும் உண்டு. 10,000 முறை முக்கினால் வாயில் ஓராண்டுக்குச் சமம் என்று சொல்வார்கள். அதுவும் ஒரு மதிப்பீடே. அந்தக் கண்ணாடிக் குவளைக்குள் உமிழ்நீர் இல்லை, கிருமிகள் இல்லை, நாளைக்கு ஐந்து முறை தேநீர் இல்லை. ஆய்வக எண்களுள் எதையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், விரிசல் பரவுவதைத் தடுக்கும் திறனைக் கேளுங்கள். வாயில் அடைப்புகள் உடைவதோடு ஓரளவு பொருந்திவரும் எண் அது. பிரசுரங்களில் அதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

'நானோ' என்ற சொல்லுக்கும் இதே பதில்தான். நிரப்பும் துகள்களை நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கிய காம்போசிட்டுகள் 2000களின் தொடக்கத்தில் வந்தன. பளபளப்பு நெடுநாள் நிற்பது அவற்றின் மெய்யான சிறப்பு. முன் பல்லுக்கு நான் மகிழ்ச்சியோடு பரிந்துரைப்பேன். கடைவாய்ப்பல்லில் வழக்கமான கலப்புத் துகள் காம்போசிட்டைவிடத் தெளிவாக நீண்ட ஆயுள் இவற்றுக்கு உண்டு என்று மருத்துவச் சோதனைகள் காட்டவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஒரு பொருளுக்குப் பத்தாண்டு மருத்துவப் பதிவு வேண்டுமானால் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பதிவு அச்சாகும்போது பல சமயம் அந்தப் பொருளின் பெயரும் சேர்மானமும் மாறி, வேறொன்று கடையில் இருக்கும். எனவே இன்று வந்த பொருளுக்கு நீண்ட ஆயுளை யாராவது உறுதியளித்தால், அது அதன் முன்னோர்களைப் பார்த்துச் சொல்லும் சோதிடம்தான். முன்னோர்கள் கெட்டவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரே மருத்துவர் வைத்த 362 கடைவாய் காம்போசிட் அடைப்புகளை 22 ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்குத் தோற்றவை ஒரு பொருளில் 1.5 சதவீதமும் மற்றொன்றில் 2.2 சதவீதமும்தான். துகள் அதிகம் நிறைந்த, விறைப்பு மிகுந்த பொருளே நெடுங்காலத்தில் சற்று முந்தியது. பொருளுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு வெளிப்படுவதற்கே அத்தனை காலம் பிடித்தது.

உங்கள் போன்ற வாய்களுக்கு எண் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 12 மருத்துவ ஆய்வுகளின் மூலத் தரவுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வந்த பகுப்பாய்வில், பின் பற்களின் காம்போசிட் அடைப்புகளுக்கு ஆண்டுத் தோல்வி விகிதம் ஐந்தாம் ஆண்டில் 1.8 சதவீதம், பத்தாம் ஆண்டில் 2.4 சதவீதம். அதாவது நூறு அடைப்புகளில் பத்தாண்டு முடிவில் ஏறக்குறைய 78 நிற்கும். சொத்தை வாய்ப்புக் குறைந்தவர்களை மட்டும் எடுத்தால் விகிதம் 1.6, மிகுந்தவர்களை எடுத்தால் 4.6. பின்னவர்களிடம் நூற்றில் அறுபத்திரண்டு போலத்தான் மிஞ்சும். பல்லின் ஒரு பக்கச் சுவர் கூடுதலாக இல்லாமல் போகும் ஒவ்வொரு முறையும் தோல்வி ஆபத்து 30 முதல் 40 சதவீதம் ஏறுகிறது. இரண்டு தரமான காம்போசிட்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட இவை எவ்வளவு பெரியவை என்று பாருங்கள்.

பொருளையும் வாயையும் பார்த்தோம். மூன்றாவதாக, வைக்கும் கை. காம்போசிட் இறுகும்போது கனஅளவில் 2 முதல் 3 சதவீதம்வரை சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் குழியின் சுவரை உள்நோக்கி இழுக்கிறது. ஆகவே வழக்கமான வகைகளை 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக வைத்து ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுகச் செய்ய வேண்டும். (நம் ஊரில் பலர் இதை 'லேசர் ஃபில்லிங்' என்கிறார்கள். அது லேசர் அல்ல, வெறும் நீல விளக்குதான்; அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.) இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு நடுவே, ஈறுக்கு அருகில் குழியின் அடித்தளம் இருக்கிறதே, அதுதான் விளக்கிலிருந்து மிகத் தொலைவான இடம், எச்சிலும் ஈறின் ரத்தமும் எளிதில் நனைக்கும் இடமும் அதுவே, எனாமல் மெலிந்து அல்லது முற்றிலும் இல்லாமல் டென்டினை மட்டும் நம்ப வேண்டிய இடமும் அதுவே. அடைப்புகளின் அடியில் மீண்டும் சொத்தை தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். உங்கள் மேல் பல்லில் நடந்ததும் அதுவாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி எச்சிலிலிருந்து பிரித்து வைப்பது, அல்லது அது முடியாதபோது பஞ்சுருளையும் உறிஞ்சுகுழாயும் கொண்டு உதவியாளர் ஒருவரோடு பொறுமையாகச் செய்வது, பிரசுரத்தின் எந்த எண்ணையும்விட உங்கள் பல்லுக்கு நன்மை செய்யும். அவசரமான மாலைப்பொழுதில் இருபது நிமிடத்தில் முடிக்கும் வேலை இதுவல்ல.

பாதரசத்தைப் பற்றி உங்கள் மருத்துவர் சொன்னதில் உண்மையின் ஒரு கீற்று உண்டு. மெல்லும்போது மிகச் சிறிய அளவில் பாதரச ஆவி வெளிவருவது மெய்யே. ஆனால் நான் மேலே சொன்ன லிஸ்பன் ஆய்வும், அதே காலத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் 534 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் 2006இல் தந்த முடிவு என்னவென்றால், வெள்ளி அடைப்பு வைத்த குழந்தைகளுக்கும் வைக்காதவர்களுக்கும் அறிவுத்திறனிலோ நரம்புச் செயல்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் உலகம் ஏன் இதைக் கைவிடுகிறது? முதன்மையாகச் சுற்றுச்சூழலுக்காக. பாதரசத்தின் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவானது; இந்தியா 2018இல் அதை ஏற்று உறுதி செய்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் வெள்ளி அடைப்பை மிகச் சில விதிவிலக்குகளோடு தடை செய்துவிட்டது. புதிதாக வைப்பதைப் பற்றிய முடிவுகள் இவை. ஏற்கெனவே வாயில் நலமாக இருப்பதைத் தோண்டியெடுக்க யாரும் சொல்லவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள், நரம்பு நோய் அல்லது சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிய வெள்ளி அடைப்பைத் தவிர்க்கச் சொன்னபோதும், நல்ல நிலையில் இருப்பவற்றை மருத்துவத் தேவையின்றி அகற்ற வேண்டாம் என்றே சேர்த்துச் சொன்னது. அகற்றும்போது துளைக்கருவியின் சூட்டில் ஆவி கூடுதலாக எழும் என்பதும் ஒரு காரணம்.

கீழ்ப் பல்லை எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனை வேறொரு வழக்கத்திலிருந்தும் வருகிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையின் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மருத்துவரை மாற்றிய நோயாளிகளின் அடைப்புகள் விரைவாக மாற்றப்படுவதைக் கண்டிருக்கிறார்கள். பல் ஒன்றுதான், பார்க்கும் கண் மாறுகிறது. இளம் வயதில் நானும் இதைச் செய்திருக்கிறேன். ஓரம் தேய்ந்து சிறு பள்ளம் விழுந்த வெள்ளி அடைப்பைக் கண்டாலே எடுத்துவிடுவேன்; எடுத்த பின் அடியில் சொத்தை ஒன்றுமில்லாமல் கெட்டியான டென்டின் இருப்பதைப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு புதியதை வைத்து அனுப்புவேன். அந்த ஒவ்வொரு முறையும் நோயாளியின் பல்லிலிருந்து ஆரோக்கியமான ஒரு விளிம்பு போய், குழி பெரிதானது. தேய்ந்த ஓரமும் நிற மாற்றமும் மட்டுமே சொத்தைக்குச் சான்றாகா. கருவியின் நுனி இறங்கும் அளவுக்கு இடைவெளியோ, மென்மையாகிப்போன டென்டினோ, எக்ஸ்ரேயில் அடைப்பின் கீழே நிழலோ இருந்தால் பேச்சு வேறு. அப்போதும்கூட, பழுதான இடத்தை மட்டும் திறந்து பழுதுபார்த்து மீதியை விட்டுவைக்கலாமா என்று கேளுங்கள். முழுவதையும் மாற்றுவதற்கு ஈடாக அந்த வழி நிற்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. பழுது ஒன்றும் இல்லையென்றால் மெருகேற்றி, ஒரு புகைப்படம் எடுத்து வைத்து, ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

மேல் பல்லுக்கு வருகிறேன். முதலில் பற்களுக்கு இடையிலான பக்கங்களைக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரே ஒன்றும், வேர் நுனிவரை காட்டும் எக்ஸ்ரே ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். சொத்தை நரம்பை எட்டவில்லை, சுவர்கள் பெரும்பாலும் இருக்கின்றன என்றால் கவனமாக வைத்த காம்போசிட்டே போதுமானது. மெல்லும் பரப்பில் மேடாக எழும் முகடுகளில் இரண்டேனும் மெலிந்து நிற்கின்றன என்றால், அடைப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைவிட அந்த முகடுகளைப் போர்த்தும் உறையை, பேச்சில் 'கேப்' என்கிறோமே அதை, யோசிப்பது நல்லது.

ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு இடைக்காலம் வேண்டும் என்று நான் கருதுகிறேன். லண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் உருவாக்கி 1972இல் உலகுக்கு அறிவித்த கிளாஸ் அயனோமர் சிமெண்ட் இதற்கு ஏற்றது. பல்லின் கால்சியத்தோடு நேரடியாக வேதிப்பிணைப்பு கொள்ளும்; சிறிதளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும்; ஃப்ளோரைடை மெல்ல வெளியிடும். பெரிய மெல்லும் பரப்பில் நெடுங்காலம் தாங்கும் வலிமை மட்டும் அதற்குக் குறைவு. துருக்கியின் அங்காராவில் ஹாஜெத்தெப்பே பல்கலைக்கழகத்தினர் அதன் கெட்டிப்படுத்திய புதிய வகையை அளவான குழிகளில் வைத்துப் பத்தாண்டு பின்தொடர்ந்தபோது காம்போசிட்டுக்கு இணையாகவே நின்றது; ஆனால் உங்களுடையதைப்போல் இருமுறை தோண்டிய குழிகள் அவை அல்ல. சொத்தையைச் சுத்தம் செய்து இந்தச் சிமெண்ட்டை வைத்து, நான்கைந்து மாதம் உங்கள் வாயின் நிலைமையைச் சீராக்கிய பின் நிரந்தர அடைப்பைத் தீர்மானிப்பது, நான் என் நோயாளிகளிடம் கடைப்பிடிக்கும் வரிசை.

சீராக்குவது என்று நான் சொல்வது சர்க்கரையைத்தான், இரண்டு பொருளிலும். ரத்தத்தில் அது கட்டுக்குள் இல்லாதபோது பலருக்கு எச்சில் குறைந்து வாய் உலர்கிறது. அமிலத்தைக் கழுவும் இயற்கை ஏற்பாடு அப்போது பலவீனமாகிறது. உங்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அறிக்கையைப் பல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலோர் எடுத்துச் செல்வதில்லை; எங்களில் பெரும்பாலோர் கேட்பதும் இல்லை. பள்ளி இடைவேளைகளில் எத்தனை முறை தேநீர் என்று நீங்கள் எழுதவில்லை. இனிப்புச் சேர்த்த தேநீரை ஒரே நேரத்தில் இரண்டு குவளை குடிப்பதைவிட, அரைக் குவளையாக நான்கு முறை பருகுவது பல்லுக்குக் கேடு, ஏனெனில் ஒவ்வொரு முறையும் வாய் அமிலமாகி மீள நேரம் பிடிக்கிறது. ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் இரவில் துலக்கி, அதன் பின் வாயை நிறைய நீர் விட்டுக் கொப்பளிக்காமல் துப்பிவிட்டு உறங்குங்கள்.

கடைசியாக, தருமபுரியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. அங்கே வளர்ந்த பலரின் பற்களில் சுண்ணாம்பு வெண்மையோ பழுப்புக் கறையோ இருக்கும். அத்தகைய எனாமலின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் அசையாது. வழக்கமான நேரம் மட்டும் அமிலம் வைத்தால் வேண்டிய நுண்துளைகள் உண்டாகாமல் போகலாம். அதிகமாகப் பாதித்த பற்களில் ஒட்டு வலிமை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமில நேரத்தைக் கூட்டுவது, அல்லது மேற்படலத்தை மெல்லச் சீவிவிட்டு அமிலம் வைப்பது என்ற எளிய மாற்றங்களால் இதை ஈடுசெய்யலாம். 2019இல் வைத்தவர் இதைக் கவனித்தாரா என்று இனிக் கேட்டுப் பயனில்லை. புதிய மருத்துவரிடம், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, உங்கள் சிறுவயது ஊரின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.